மக்களைக் கேட்டு முடிபுனைந்த மன்னர்

அரசர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் பிள்ளைகளின் மனக்கண்முன் தோன்றுவன மணிமுடியும் செங்கோலும் சிம்மாசனமுமே ஆகும். ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் அரசர் ஒருவரின் படத்தை வரையுமாறு நாம் கூறினால், முகத்தினும் பெரிய மீசையையும் ஆளினும் நீண்ட வாளையும் தவறாது வரைந்து தருவர். திரைப்படத்திலும் தோட்டத்துத் திருவிழா நாடகத்திலும் கண்டதையே அவர்கள் வரைகின்றனர். அதில் பிழையொன்றும் இல்லை. ஆயினும், தம்மைத் தேடிவந்த அரசபதவியை உடனே ஏற்காமல், அந்நாட்டு மக்கள் தம்மை விரும்புகின்றனரா என்பதை அறிந்த பின்னரே வருவேன் எனக் காத்திருந்த அரசர் ஒருவரும் வரலாற்றில் இருந்திருக்கின்றார். அவர்தாம் ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நோர்வே நாட்டை 1905ஆம் ஆண்டு முதல் 1957ஆம் ஆண்டு வரை ஆண்ட ஏழாம் ஹாகோன். அவர்தம் வாழ்க்கையை மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்ளும் பொருட்டு இங்கே சுருக்கி வரைகின்றோம்.

ஹாகோன் பிறப்பால் நோர்வே நாட்டவர் அல்லர். 1872ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3ஆம் நாள், டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனை அடுத்த சார்லட்டன்லுண்ட் அரண்மனையில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர்கள் பல. அழைக்கப்பட்ட பெயர் கார்ல். அவருடைய பாட்டனார் டென்மார்க் மன்னர் ஒன்பதாம் கிறிஸ்தியான். அம்முதியவரை ஐரோப்பாவின் மாமனார் என்று அக்காலத்தவர் அழைத்தனர். காரணம், அவருடைய மகள் ஒருத்தி இங்கிலாந்துப் பட்டத்து இளவரசரையும், இன்னொருத்தி உருசிய நாட்டுப் பேரரசரையும் மணந்திருந்தனர். மகன் ஒருவர் கிரேக்க நாட்டு மன்னராக இருந்தார். நம் தோட்டத்தில் ஒரு வீட்டுத் திருமணத்திற்குச் சென்றால் அங்குள்ளோர் அனைவரும் ஏதேனும் ஒரு வகையில் உறவினராக இருப்பதைக் காண்கின்றோம் அல்லவா? அக்காலத்து ஐரோப்பிய அரச குடும்பங்களும் அவ்வாறே இருந்தன.

கார்ல் இரண்டாம் மகன். அண்ணன் கிறிஸ்தியானே டென்மார்க்கின் அரியணைக்கு உரியவர். ஆகவே, தம்பிக்கு ஒரு தொழில் வேண்டியிருந்தது. அவர் கடற்படையில் சேர்ந்து முறையாகப் பயின்று அதிகாரியானார். நெடிய உருவமும், குறைந்த பேச்சும், கடலில் தீராத காதலும் கொண்ட அவ்விளைஞர், 1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள், இலண்டன் பக்கிங்ஹாம் அரண்மனைக் கோவிலில் மோட் இளவரசியை மணந்தார். மோட் இங்கிலாந்துப் பட்டத்து இளவரசரின் கடைசி மகள். விக்டோரியா மகாராணியாரின் பேர்த்தி. கார்லுக்கு அத்தை மகள். அத்தை மகளை மணக்கும் வழக்கம் நமக்கே உரியது என்று எண்ணியிருப்போர்க்கு இச்செய்தி வியப்பளிக்கலாம். ஏழாண்டுகள் கழித்து, 1903ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், இங்கிலாந்தில் அவர்களுக்கு ஆண்மகவு ஒன்று பிறந்தது. அலெக்சாந்தர் எனப் பெயரிட்டனர். அவர்களுக்கு அஃது ஒன்றே பிள்ளை.

இனி நோர்வேக்கு வருவோம். அந்நாடு பல நூற்றாண்டுகள் டென்மார்க்கோடு இணைந்திருந்து, 1814ஆம் ஆண்டு முதல் சுவீடனோடு இணைக்கப்பட்டது. அவ்வாண்டு மே 17ஆம் நாள் அது தனக்கென ஓர் அரசியல் சட்டத்தை வகுத்துக்கொண்டது. எனினும் சுவீடன் மன்னரே நோர்வேக்கும் மன்னர். வெளிநாட்டு உறவுகளும் சுவீடனின் கையிலேயே இருந்தன. கடல் வாணிகத்தால் வாழ்ந்த நோர்வே மக்கள், அயல்நாட்டுத் துறைமுகங்களில் தமக்கெனத் தனித் தூதரகங்கள் வேண்டும் எனக் கேட்டனர். மன்னர் இரண்டாம் ஆஸ்கார் அதற்கு இசையவில்லை. 1905ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் நோர்வேயின் நாடாளுமன்றம், சுவீடனோடு இருந்த இணைப்பு முடிந்தது என அறிவித்தது. ஜூன் 7 என்னும் இந்நாளை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையில் அது மீண்டும் வரும்.

போர் மூளுமோ என அஞ்சியோர் பலர். நல்வாய்ப்பாக இரு நாட்டாரும் அமர்ந்து பேசி அமைதியாகப் பிரிந்தனர். அதன் பின்னர், அரசர் இல்லாத நாட்டிற்கு அரசர் ஒருவர் தேவைப்பட்டார். டென்மார்க் இளவரசர் கார்லை நோர்வேத் தலைவர்கள் நாடினர். பழைய நோர்வே மன்னர்களின் குருதித் தொடர்பு உடையவர். மனைவியோ இங்கிலாந்து மன்னரின் மகள். அரியணைக்கு ஓர் ஆண் குழந்தையும் இருக்கின்றது. இவற்றினும் வேறென்ன வேண்டும்? இங்கிலாந்தின் மன்னராகிவிட்ட மாமனார் ஏழாம் எட்வர்டும், காலம் தாழ்த்தாமல் சென்று அரியணையில் அமர்க என மருமகனை வற்புறுத்தினார்.

கார்ல் இசையவில்லை. நோர்வேயில் அரசரே வேண்டா, குடியரசே வேண்டும் என்போரும் பலர் உள்ளனர் என்பதை அவர் அறிந்திருந்தார். நாடாளுமன்றத்தார் அழைத்தனர் என்பதற்காக மட்டும் சென்றால், பின்னொரு நாள் மக்கள் தம்மை நோக்கி, உம்மை அழைத்தவர் யார் என வினவினால் விடை கூற இயலாது என அவர் கருதினார். எனவே பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பதை நிபந்தனையாக்கினார். நம் தோட்டத்துக் கோவில் நிருவாகத்தில் தலைவரைத் தேர்ந்தெடுக்கையில், நால்வர் கைதூக்கியதும் மாலையை வாங்கி அணிந்துகொள்வோரை நாம் கண்டிருக்கின்றோம். ஓர் இளவரசர், அதுவும் முப்பத்து மூன்று வயதினர், மாமனாரின் சொல்லையும் தாண்டி இவ்வாறு நின்றது எளிய செயலன்று. வாக்கெடுப்பில் தோற்றிருந்தால் ஐரோப்பா முழுதும் நகைத்திருக்கும்.

1905ஆம் ஆண்டு நவம்பர் 12, 13ஆம் நாள்களில் மக்கள் வாக்களித்தனர். 2,59,563 பேர் ஆதரவாகவும் 69,264 பேர் எதிராகவும் வாக்களித்தனர். அஃதாவது, நூற்றுக்கு ஏறத்தாழ எழுபத்தொன்பது பேர் வருக என்றனர். அந்நாளில் வாக்குரிமை ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. பெண்கள் அனைவரும் அவ்வுரிமையைப் பெற்றது 1913ஆம் ஆண்டில்தான். நவம்பர் 18ஆம் நாள் நாடாளுமன்றம் அவரை ஒருமனதாக மன்னராகத் தேர்ந்தது.

அன்றே கார்ல் தம் பெயரை மாற்றிக்கொண்டார். பழைய நோர்வே மன்னர்களின் பெயராகிய ஹாகோன் என்பதைச் சூடினார். ஆறாம் ஹாகோன் 1380ஆம் ஆண்டில் மறைந்த பின்னர், ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அப்பெயரை எந்த மன்னரும் தாங்கியதில்லை. இரண்டு வயதுக் குழந்தை அலெக்சாந்தரும் அன்று முதல் ஓலாவ் ஆனான். பெயர் மாறியதை அக்குழந்தை எவ்வாறு புரிந்துகொண்டதோ நாம் அறியோம். ஆனால் அப்பெயரைப் பின்னர் எண்பத்தைந்து ஆண்டுகள் சுமந்தது.

நவம்பர் 25ஆம் நாள் டென்மார்க்கின் கப்பல் அவர்களைச் சுமந்து நோர்வேயின் கடற்கழிக்குள் நுழைந்தது. ஆஸ்கார்ஸ்போர்க் என்னும் தீவுக்கோட்டையின் அருகே அவர்கள் ஹெய்ம்தால் என்னும் நோர்வேக் கப்பலுக்கு மாறினர். வெண்பனி பெய்துகொண்டிருந்தது. விடியலில் பால்மரங்களுக்கு இடையே நாம் காணும் பனியன்று அது. பஞ்சைப் பிய்த்து எறிந்ததுபோல் வானிலிருந்து விழுவது. முதலமைச்சர் கிறிஸ்தியான் மிக்கெல்சன் கப்பலில் நின்று வரவேற்றார். புதிய மன்னர் முடியும் அணியவில்லை, வாளும் உருவவில்லை. இடக்கையில் குழந்தையை ஏந்தியவாறே அவர் வந்தார். அந்தக் காட்சியின் நிழற்படம் நோர்வே மக்கள் எல்லாரும் அறிந்ததாகும்.

மறு ஆண்டு ஜூன் 22ஆம் நாள், ட்ரொண்ட்ஹெய்ம் நகரின் பழைமை வாய்ந்த நிடரோஸ் பேராலயத்தில் அரசர்க்கும் அரசியார்க்கும் முடிசூட்டப்பெற்றது. அதுவே நோர்வேயில் நடைபெற்ற கடைசி முடிசூட்டு விழாவாகும். முடிசூட்டுதல் பழங்காலத்து ஆரவாரம் என்று எண்ணினோர் நாட்டில் மிகுதி; ஆகவே 1908ஆம் ஆண்டில் அவ்விதி அரசியல் சட்டத்திலிருந்தே நீக்கப்பட்டது. நோர்வேக்காக எல்லாம் என்னும் பொருளுடைய தொடரை மன்னர் தம் கொள்கைத் தொடராகக் கொண்டார்.

விருதுகளைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். டத்தோ, டான் ஸ்ரீ முதலிய பட்டங்களை நம் பெற்றோர்கள் அறிவர். நோர்வேயிலோ பிரபுக்களின் பரம்பரைப் பட்டங்களை 1821ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழித்துவிட்டனர். தூய ஓலாவ் விருது என்னும் உயர்ந்த விருது 1847ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வந்தது. அதைப் பெற்றாலும் பெயருக்கு முன் எதுவும் சேர்வதில்லை. ஹாகோன் மன்னர் 1908ஆம் ஆண்டில் மன்னரின் நற்பணிப் பதக்கம் என்பதைப் புதிதாக நிறுவினார். கலை, அறிவியல், தொழில், பொதுப்பணி ஆகியவற்றில் நற்செயல் புரிந்தோர்க்கு அது வழங்கப்பட்டது.

பள்ளி மாணவர்களுக்கு இனிக்கக்கூடிய மரபு மற்றொன்று. மே 17ஆம் நாளன்று நோர்வேப் பள்ளிப் பிள்ளைகள் கொடியேந்தி ஊர்வலம் செல்வர். அணிவகுக்கும் படைகள் அங்கில்லை, பீரங்கிகள் இல்லை, பிள்ளைகளே அவ்விழாவின் நாயகர்கள். 1906ஆம் ஆண்டு முதல் அரச குடும்பத்தார் அரண்மனையின் மேல்மாடத்தில் நின்று அவ்வூர்வலத்தை வாழ்த்துவது வழக்கமாயிற்று. பள்ளி பள்ளியாகப் பிள்ளைகள் கடந்து செல்லச் செல்ல, மன்னர் நின்றுகொண்டே இருப்பார். நம் விளையாட்டுப் போட்டி நாளில் கூடாரத்தின் கீழ் அமர்ந்தே அணிநடையைப் பார்க்கும் நம்மைப் போன்றோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இல்வாழ்க்கையில் ஆரவாரம் இல்லை. தலைநகரை ஒட்டிய மலையில் மக்கள் அன்பளிப்பாக அளித்த மரவீடு ஒன்று அவர்களுக்கு இருந்தது. அரசியார் மோட் இங்கிலாந்தையும் அங்குள்ள தம் தோட்டத்தையும் மறந்தாரில்லை. எனினும் நோர்வே மக்களின் பனிச்சறுக்கு விளையாட்டைத் தாமும் கற்றார். மகன் ஓலாவ் உள்ளூர்ப் பிள்ளையாகவே வளர்ந்தார். பனிச்சறுக்கில் உயரத்திலிருந்து தாவும் போட்டியிலும் கலந்துகொண்டார். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றார். 1929ஆம் ஆண்டில் சுவீடன் இளவரசி மார்த்தாவை மணந்தார். எந்தச் சுவீடனிடமிருந்து பிரிந்தார்களோ, அந்நாட்டுப் பெண்ணே மருமகளாக வந்தது இரு நாட்டார்க்கும் மகிழ்ச்சி அளித்தது. பேர்த்தியர் இருவரும், 1937ஆம் ஆண்டில் ஹாரால்டு என்னும் பேரனும் பிறந்தனர்.

1928ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைத் தொழிலாளப் பெற்றோர்கள் அறிய வேண்டும். தொழிற்கட்சி அந்நாளில் அரசர் பதவியையே எதிர்த்த கட்சி. தேர்தலில் அதுவே மிகுதியான இடங்களைப் பெற்றது. ஹாகோன் மன்னர் தயங்காமல் அக்கட்சியின் ஹோர்ன்ஸ்ருட் என்பவரை அழைத்து அரசு அமைக்கச் செய்தார். தமக்கு எதிராக வாக்களித்த அறுபத்தொன்பதாயிரம் பேருக்கும் தாமே மன்னர் என்னும் எண்ணம் அவரிடம் இருந்தது. அவ்வரசு பதினெட்டு நாள்களே நின்றது. ஆயினும் அன்று விதைத்தது வீண்போகவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

1938ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், இலண்டனில் அறுவை மருத்துவத்திற்குப் பின் அரசியார் மோட் மறைந்தார். நாற்பத்திரண்டு ஆண்டு இல்வாழ்க்கை அவ்வாறு முடிந்தது. மன்னர் அப்போது அறுபத்தாறு வயதினர். பெருஞ்சோதனை அதன் பின்னரே வந்தது.

1940ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் விடியற்காலையில், ஹிட்லரின் படைகள் நோர்வேயின் மீது பாய்ந்தன. மன்னரையும் அமைச்சர்களையும் கைப்பற்றும் நோக்கத்தோடு புளூச்சர் என்னும் பெரிய போர்க்கப்பல் தலைநகரை நோக்கி விரைந்தது. அதனைத் தடுத்தது எது? முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மன்னர் குழந்தையோடு கப்பல் மாறினாரே, அதே ஆஸ்கார்ஸ்போர்க் கோட்டைதான். அங்கிருந்த பழைய பீரங்கிகளும் நீர்மூழ்கிக் குண்டுகளும் அக்கப்பலை மூழ்கடித்தன. அதனால் கிடைத்த சில மணி நேரத்தில், மன்னரும் அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இரயில் ஏறி வடக்கே சென்றனர். மருமகளும் பேரப்பிள்ளைகளும் எல்லை கடந்து சுவீடனுக்கு அனுப்பப்பட்டனர். ஓலாவ் தந்தையை விட்டுப் பிரியவில்லை.

மறுநாள் எல்வெரும் என்னும் ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தில், ஜெர்மானியத் தூதர் பிராயர் மன்னரைச் சந்தித்தார். நாட்டைக் காட்டிக்கொடுத்த குவிஸ்லிங் என்பவரை முதலமைச்சராக நியமிக்க வேண்டும் என்பதே ஹிட்லரின் கோரிக்கை. இசைந்தால் அரண்மனைக்குத் திரும்பலாம். மறுத்தால் குருதி பெருகும். டென்மார்க்கில் மன்னராக இருந்த அண்ணன் பத்தாம் கிறிஸ்தியான், எதிர்க்க வழியின்றி முதல்நாளே பணிந்துவிட்டிருந்தார். தாம் ஒருவராக முடிவு செய்யும் மன்னரல்லர் என்றும், அமைச்சர்களைக் கலந்தே விடை தருவதாகவும் ஹாகோன் கூறி அனுப்பினார்.

அன்றிரவு நீபெர்க்சுண்ட் என்னும் சிற்றூரில் அமைச்சரவை கூடியது. முதியவரான மன்னர் கலங்கிய உள்ளத்தோடு பேசினார். தம் மறுப்பினால் மக்களுக்கு வரக்கூடிய துன்பம் அவரை வாட்டியது. ஆகவே முடிவை அமைச்சர்கள் மீது திணிக்க அவர் விரும்பவில்லை. அதே வேளையில், மக்களின் நம்பிக்கையையோ நாடாளுமன்றத்தின் நம்பிக்கையையோ பெறாத ஒருவரைத் தாம் முதலமைச்சராக நியமிக்க இயலாது என்றார். அமைச்சர்கள் இணங்கிச் செல்வதே நலம் எனக் கருதினால், தாம் குறுக்கே நிற்காமல் முடிதுறந்து விலகுவதாகவும் தெரிவித்தார். 1905ஆம் ஆண்டில் மக்களின் வாக்கைக் கேட்டு வந்தவருக்கு, 1940ஆம் ஆண்டில் மக்கள் கேளாத ஒருவரை ஏற்பது இயலவில்லை. அன்று ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி அரசு. மன்னரே வேண்டா என்று ஒரு காலத்தில் முழங்கிய அக்கட்சியின் அமைச்சர்கள், ஒருவர் பின் ஒருவராக மன்னரின் பக்கம் நின்றனர். மறுப்பு தொலைபேசி வழியே தூதருக்கு அறிவிக்கப்பட்டது.

அதன் விலை உடனே கேட்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் நாள் ஜெர்மானிய வானூர்திகள் எல்வெரும் நகரைக் குண்டு வீசி எரித்தன, உயிர்கள் மாண்டன. அதே நாள் நீபெர்க்சுண்ட் மீதும் குண்டுகள் விழுந்தன. மன்னரும் மகனும் காட்டுக்குள் ஓடி, பனிமூடிய மரங்களின் கீழ் பதுங்கினர். அறுபத்தேழு வயது முதியவர் நனைந்த பனியில் படுத்துக் கிடந்ததை எண்ணும்போது நம் உள்ளம் நடுங்குகின்றது. இரண்டு திங்கள் வடக்கு நோக்கி அலைந்த பின்னர், ஜூன் 7ஆம் நாள், திரொம்சோ துறைமுகத்திலிருந்து ஆங்கிலக் கப்பலில் நாட்டை விட்டு வெளியேறினர். மார்த்தாவும் பிள்ளைகளும் பின்னர் அமெரிக்கா சென்றனர். குடும்பம் ஐந்தாண்டுகள் கடலால் பிரிந்திருந்தது.

இலண்டனில் அவர் முதலில் தங்கிய இடம் பக்கிங்ஹாம் அரண்மனை. மணமகனாக நின்ற இடத்தில், நாடிழந்தவராக வந்து தங்கினார். முடிதுறக்குமாறு கூறும் கடிதம் ஒன்று, பகைவரின் நெருக்குதலுக்கு ஆட்பட்ட நாடாளுமன்றத் தலைவர்களிடமிருந்து அங்கு வந்தது. அவர் மறுத்தார்; அம்மறுப்பை வானொலி வழியே மக்களுக்கும் அறிவித்தார். அதன் பின் நோர்வேச் சுவர்களிலும் பாறைகளிலும், ஹெச் என்னும் எழுத்தும் அதனுள் 7 என்னும் இலக்கமும் இரவோடிரவாகத் தோன்றலாயின. மன்னரின் பெயரைச் சுருக்கிய அக்குறியை எழுதியவர்களைப் பகைவர் சிறையிலிட்டனர்.

நாம் ஆசிரியராதலால், இங்கே ஒன்றைக் கூறாமல் கடந்துசெல்ல மனம் வரவில்லை. 1942ஆம் ஆண்டில் குவிஸ்லிங்கின் அரசு, ஆசிரியர் அனைவரும் தன் சங்கத்தில் சேர்ந்து பிள்ளைகளுக்குத் தன் கொள்கையைக் கற்பிக்க வேண்டும் எனக் கட்டளையிட்டது. நாட்டின் ஆசிரியருள் பெரும்பாலோர் மறுத்துக் கடிதம் எழுதினர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். பல நூற்றுவர் வடகோடியில் உள்ள கீர்க்கெனெஸ் என்னும் ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கடும் வேலை செய்யுமாறு வதைக்கப்பட்டனர். அவர்கள் பணியவில்லை. முடிவில் அரசே பணிந்தது. ஆசிரியர்கள் வீடு திரும்பினர். அவர்களுள் பெரும்பாலோர் நம்மைப்போல் சிற்றூர்ப் பள்ளிகளில் சுண்ணக்கட்டி பிடித்தவர்களே.

1945ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் நோர்வே விடுதலை பெற்றது. ஜூன் 7ஆம் நாள், நாட்டை விட்டுச் சென்று சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, ஹாகோன் மன்னர் தலைநகர் ஓஸ்லோவில் வந்திறங்கினார். சுவீடனிடமிருந்து பிரிந்ததாக நாடாளுமன்றம் அறிவித்த நாளும் அதுவே. மருமகளும் எட்டு வயதுப் பேரனும் பேர்த்தியரும் உடன் வந்தனர். விடுதலைப் போராட்டத்தில் சிறந்தோர்க்கு வழங்கும் பொருட்டு, ஏழாம் ஹாகோன் விடுதலைச் சிலுவை என்னும் விருது அவ்வாண்டில் நிறுவப்பட்டது.

1947ஆம் ஆண்டில் அவருடைய எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு, மக்கள் பணம் திரட்டி ஒரு கப்பலைப் பரிசளித்தனர். நாட்டின் பெயரையே அதற்குச் சூட்டினர். இளமையில் கடற்படையில் பயின்றவருக்கு இதனினும் ஏற்ற பரிசு வேறில்லை. ஆயினும் முதுமையில் துயரும் வந்தது. 1954ஆம் ஆண்டில் மருமகள் மார்த்தா நோயால் மறைந்தார். மறு ஆண்டு மன்னர் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்தார். அதன் பின் சக்கர நாற்காலியே துணையாயிற்று. மகன் ஓலாவ் அவர் சார்பில் அரசு அலுவல்களைக் கவனித்தார்.

நம் நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாளுக்கு மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 21ஆம் நாள், ஏழாம் ஹாகோன் தம் எண்பத்தைந்தாம் வயதில் இயற்கை எய்தினார். ஓஸ்லோவின் ஆக்கர்ஸ்ஹூஸ் கோட்டையில், மோட் அரசியாரின் அருகில் அவர் அடக்கம் செய்யப்பெற்றார்.

வெண்பனியில் தந்தையின் கையில் அமர்ந்து வந்த குழந்தை, ஐம்பத்து நான்காம் வயதில் ஐந்தாம் ஓலாவ் என அரியணை ஏறியது. தந்தையின் கொள்கைத் தொடரையே அவரும் தமதாக்கிக்கொண்டார். 1958ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், தந்தை முடிசூடிய அதே நாளில், நிடரோஸ் பேராலயத்தில் அவர் முடி சூடாமலே இறைவாழ்த்துப் பெற்றார். அதற்குச் சில வாரங்களுக்கு முன், மே 17ஆம் நாள், பள்ளிப் பிள்ளைகள் கொடியேந்தி அரண்மனை முன் வந்தபோது, மேல்மாடத்தில் தந்தை நின்ற இடத்தில் அவர் நின்றார்.